ழான் மோரோ புதுமுகம் அல்ல

ஆசிரியருக்கு,

வணக்கம். பிரெஞ்சு நடிகை ழான் மோரோ பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, 1958இல் வெளியான, லூயி மால் இயக்கிய ‘எலிவேட்டர் டு த கேலோஸ்’தான் அவருக்கு முதல் படம் என்கிறது. அது தவறு. அப்போது அவருக்கு வயது முப்பது. 1947இலேயே பாரிஸின் புகழ்பெற்ற நாடகக் குழுவான கோமெதி ஃப்ரான்சேஸில் சேர்ந்தவர். 1952இல் அங்கிருந்து விலகி நாடக இயக்குநர் ழான் விலாரின் தேசிய மக்கள் நாடக அரங்குக்குப் போனார். திரையிலும் 1949 முதல் நடித்துவந்தார்.

லூயி மால் படத்தில் உண்மையில் மாறியது வெளிச்சம். அதுவரை கனத்த மேக்கப் போட்டு, நேராக விளக்கடித்து, அவர் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை மறைத்தார்கள். ஒளிப்பதிவாளர் ஆன்ரி தெகாயே மங்கலான வெளிச்சத்திலும் பதிவாகும் ட்ரை-எக்ஸ் ஃபிலிமைப் போட்டு, கேமராவைக் குழந்தைத் தள்ளுவண்டியில் வைத்து, பாரிஸின் ஷான்ஸெலீஸே வீதியின் கடை விளக்குகளை மட்டும் நம்பி அவரை இரவில் நடக்கவிட்டார். இது சுலபமான வேலை இல்லை. குறைந்த வெளிச்சத்துக்காக லென்ஸை முழுக்கத் திறந்தால் ஃபோகஸின் ஆழம் சுருங்கிவிடும்; நடப்பவர் வேகத்தைச் சற்று மாற்றினாலும் முகம் கலங்கும். படத்தில் ஃபிலிமின் துகளும் தெரியும். கதாநாயகியை இப்படியா காட்டுவது என்று ஃபிலிமைக் கழுவும் லேப்காரர்களே எதிர்த்தார்கள். அந்த நடையில் முணுமுணுப்பைத் தவிர வசனம் இல்லை. தோளும் தலைச்சாய்வும்தான் நடிப்பு. பத்தாண்டு மேடைப் பழக்கம் இல்லாத ஒருவரால் அதைத் தாங்கியிருக்க முடியாது. 1957 டிசம்பரில், காட்சிகளைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தபடியே அமெரிக்க ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் ஒரே இரவில் வாசித்த ட்ரம்பெட் அதற்குத் துணையாக வந்தது.

1960இல் கான் திரைப்பட விழாவில் மோரோவுக்குச் சிறந்த நடிகை விருது பெற்றுத் தந்த படத்தை இயக்கியவர் நாடக இயக்குநர் பீட்டர் புரூக். 1956இல் பாரிஸ் மேடையில் அமெரிக்க நாடகாசிரியர் டென்னஸி வில்லியம்ஸின் நாடகத்தில் மோரோவை இயக்கியவரும் அவரே. நாடகத்தை விட்டுவிட்டு மோரோவின் சினிமாவை எழுதினால் இந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும்.

மோரோ நடித்த, இயக்குநர் த்ரூஃபோவின் ‘ஜூல்ஸ் அண்ட் ஜிம்’முக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள், அது தகும். ஆனால் 1976இல் ‘லுமியேர்’, 1979இல் ‘லடோலெசான்ட்’ என்று அவரே இயக்கிய இரு படங்களுக்கு ஒரு வரிகூட இல்லையே! 1983இல் மௌனப்பட நடிகை லிலியன் கிஷ் பற்றி ஓர் ஆவணப்படமும் எடுத்திருக்கிறார். அடுத்த இதழில் திருத்தம் போடும்போது இவற்றையும் சேர்க்க வேண்டுகிறேன்.

– வாசகர், கோவை