பில்போர்டு கணக்குப்பிள்ளைகளே, அந்த அளவுகோலைக் கொஞ்சம் காட்டுங்கள்

அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டில் பாட்டுகளுக்குத் தரவரிசைப் பட்டியல் போடுகிறவர்களுக்கு,

வணக்கம். நான் கண்ட்ரி என்கிற அமெரிக்கக் கிராமத்துப் பாட்டு கேட்டு வளர்ந்த ஆள் இல்லை. 2019-ல் ஊரே கேட்ட ‘ஓல்ட் டவுன் ரோடு’ வழியாகத்தான் நானும் உள்ளே வந்தேன். அதனால் அந்தப் பாட்டைக் கண்ட்ரி பட்டியலிலிருந்து நீங்கள் நீக்கியது பற்றிய இந்தப் புகாரில் கொஞ்சம் பாசமும் கலந்திருக்கும், அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

கறுப்பினப் பாடகர் லில் நாஸ் எக்ஸ் அந்தப் பாட்டை வெளியிட்டபோது அவருக்கு வயது 19. நெதர்லாந்துப் பையன் யங்கியோ இணையத்தில் விலைக்குப் போட்டிருந்த பீட்டை (பாட்டின் பின்னணி இசையை) 30 டாலருக்கு வாங்கி, 1 நிமிடம் 53 நொடியில் சோலியை முடித்துவிட்டார். தொடக்கத்தில் டொங்கு டொங்கென்று பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியம் வருமே, அது நைன் இன்ச் நெயில்ஸ் என்ற ராக் குழு 2008-ல் போட்ட வாத்திய இசையிலிருந்து எடுத்தது. அதன்மேல் குதிரை, தொப்பி, பூட்ஸ் என்று சரக்கு முழுக்க கௌபாய் சரக்கு. 2019 மார்ச்சில் அது உங்கள் ‘ஹாட் கண்ட்ரி சாங்ஸ்’ பட்டியலில் 19-ஆம் இடத்தில் வந்தது, அடுத்த வாரம் பார்த்தால் ஆளையே காணோம்.

செய்தியாளர்கள் துருவிய பிறகு நீங்கள் சொன்ன காரணம்: இன்றைய கண்ட்ரி இசையின் கூறுகள் அதில் போதுமான அளவு இல்லையாம். பாடகரின் இனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னீர்கள். சரி, நம்புகிறேன். ஆனால் போதுமான அளவு என்றால் எவ்வளவு? எத்தனை ஆழாக்கு பாஞ்சோ, எத்தனை சிட்டிகை பிடில்?

ஏன் கேட்கிறேன் என்றால், 2012 அக்டோபரில் விதியை மாற்றி, பாப் வானொலியில் ஓடினாலும் கண்ட்ரி பட்டியலில் சேரும் என்று வைத்ததே நீங்கள்தான். அந்த விதியின் தயவில், ராப் பாடகர் நெல்லியைச் சேர்த்துக்கொண்டு புளோரிடா ஜார்ஜியா லைன் இரட்டையரின் ‘குரூஸ்’ 24 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்தது. பாப் பாடகி பீபி ரெக்ஸாவோடு அவர்கள் பாடிய ‘மென்ட் டு பி’ 50 வாரம், கிட்டத்தட்ட ஒரு வருஷம்! அப்போதெல்லாம் அளவுகோல் எந்தப் பரணில் கிடந்தது? கண்ட்ரி பாடகர் பில்லி ரே சைரஸே வந்து ‘ஓல்ட் டவுன் ரோடு’ ரீமிக்ஸில் பாடியும் அதை அந்தப் பட்டியலில் திரும்பச் சேர்க்கவில்லை நீங்கள். அது பாட்டுக்கு, எல்லா வகைப் பாட்டுக்கும் பொதுவான உங்கள் ஹாட் 100 பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் நின்று, அதுவரை இருந்த 16 வாரச் சாதனையை உடைத்துவிட்டுப் போனது.

அப்புறம் 2024. பாடகர் ஷபூஸியின் ‘எ பார் சாங்’. 2004-ல் வந்த ஜே-குவானின் ராப் பாட்டைப் பிடித்து, அதற்குக் கிட்டாரும் பிடிலும் கைதட்டலும் கட்டிய பாட்டு. இதை மட்டும் மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொண்டீர்கள், கண்ட்ரி பட்டியலிலும் முதலிடம், கண்ட்ரி வானொலியிலும் முதலிடம், ஹாட் 100-ல் அதே 19 வாரம்! அவருக்கு நடந்தது நியாயம்தான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இடையில் இருந்த ஐந்து வருஷத்தில் கண்ட்ரி மாறிவிட்டது என்பீர்கள். மாற்றியதில் நீங்கள் தூக்கியெறிந்த அந்தப் பாட்டுக்கும் பங்கு உண்டா இல்லையா?

இன்னொன்று. பாஞ்சோவே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வழியாக அமெரிக்காவில் உருவான வாத்தியம். கறுப்பர் இசைக்கு ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ (இன இசைத்தட்டுகள்) என்று தனித் தலைப்புப் போட்டு வைத்திருந்த உங்கள் பத்திரிகை, அதை 1949-ல்தான் மாற்றியது. இந்தப் பழைய கணக்கு இருப்பதால்தான், நீங்கள் காரணம் சொல்லாமல் ஒரு பெயரை அடித்தால் ஆளாளுக்குச் சந்தேகப்படுகிறார்கள்.

விற்றதையும் ஓடியதையும் எண்ணிச் சொல்வது உங்கள் வேலை. வகை பிரிப்பதும் நாங்களே என்றால், எந்தக் கூறு எவ்வளவு வேண்டும் என்று எழுதி வெளியிடுங்கள். முடிவெடுப்பவர்கள் யார் என்பதும் தெரியட்டும். இனிமேல் ஒரு பாட்டை நீக்கினால் அந்த வாரப் பட்டியலுக்குக் கீழேயே காரணத்தை ஒரு வரி போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
30 டாலர் பீட்டை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவன்