கச்சான் பைக்குள் வைத்த கடிதம்

புதுக்குடியிருப்பு
மாசி, ஞாயிறு இரவு

அன்புள்ள சின்னமகளுக்கு,

அப்பா எழுதுறது. நாங்கள் நல்ல சுகம். உன்ர சுகத்துக்கு வற்றாப்பளை அம்மாளை மன்றாடுறன். கொம்மா எடுத்தால் போன் தூக்கிறாய், நான் எடுத்தால் தூக்கிறாய் இல்லை எண்டு நான் குறை சொல்ல வரேல்லை. வேலை கூடவா இருக்கும். கொழும்பு அப்பிடித்தான்.

செவலை கண்டு போட்டிட்டுது, நாகு. வேலிக்கரை ஆச்சிக்கு கண் வெட்டினது. இப்ப ஒழுங்கை முடக்கில வாற ஆளின்ர சீலை நிறம் சொல்லுறா, ஊருக்கே தொல்லை. இந்தமுறை யானை எங்கட பக்கம் வரேல்லை. கச்சான் பரவாயில்லை. அதைப் பிறகு எழுதுறன்.

நீ அந்த அரசாங்க வேலை நேர்முகத்துக்குப் போகேல்லை எண்டு தெரியும். அதைப் பற்றிக் கதைக்கேல்லை. உன்னைக் கேளாமல் விண்ணப்பம் நிரப்பினது என்ர பிழை. உன்ர கையெழுத்தையும் நானே போட்டது அதைவிடப் பிழை. ஆனால் அந்த வேலையில என்ன பிழை? மழை பெய்தாலும் வெய்யில் எறிச்சாலும் மாதம் முடியச் சம்பளம். பிறகு பென்சன். ஆரிட்டையும் கை நீட்டத் தேவையில்லை, கடன் எடுக்கத் தேவையில்லை. கடன் மட்டும் எடுக்காத பிள்ளை. நீ எடுத்திட்டாய் எண்டு நான் சொல்லேல்லை.

நீ கம்பசுக்கு எடுபட்ட அண்டைக்கு நான் சைக்கிளை உழக்கிக்கொண்டு ஒட்டுசுட்டான் மட்டும் போய் மாமா வீட்டில சொல்லிப்போட்டு வந்தனான். போன் இருந்தது. முகத்தைப் பாத்துச் சொல்லவேணும் எண்டு இருந்தது. அப்பிடிப் படிச்ச பிள்ளை இருக்கிற வேலையையும் விட்டிட்டு, சிநேகிதப் பிள்ளையோட சேந்து பக்கெற் சாமான் செய்யப்போறன் எண்டு நிண்டால், கேக்கிற ஆக்களுக்கு நான் என்ன சொல்லுறது? மெசின் ஒண்டு பாத்து வைச்சிருக்கிறியாம் எண்டு கொம்மா சொன்னா. என்ன விலை எண்டு நான் கேக்கேல்லை.

நீ வட்ஸ்அப்பில அனுப்பின பேச்சை மூண்டுதரம் கேட்டன். மனம் மாறினால் மனிசன் முன்னேறுவான், மனிசன் முன்னேறினால் நாடு முன்னேறும் எண்டுறார். நல்ல குரல். ஆனால் ஒருநாளும் வயலுக்குள்ள இறங்காத ஆள் எண்டு அந்தக் குரலிலேயே தெரியுது. 2021இல அரசாங்கத்துக்காரர் இரசாயனப் பசளையை ஒரேயடியா நிப்பாட்டினவை. மே மாதம் நிப்பாட்டி நவம்பரில விட்டவை. அதுக்கிடையில பயிர் மஞ்சளாப் போச்சு. நான் நல்ல மனத்தோடதான் வரம்பில நிண்டனான், யூரியா வரேல்லை. அடுத்த வருசம் டொலர் 200 ரூபாயில இருந்து 360 தாண்டிப்போக, இருந்த காசு பாதியாப் போச்சு. அதுக்கும் என்ர மனம்தான் காரணமோ? அவரைக் கேட்டுச் சொல்லு.

எண்டாலும் நீ கடைசியாக் கதைக்கேக்க ஒண்டு சொன்னாய். "அப்பா, நீங்கள் இன்னும் மெனிக்பாம் முகாம் வரிசையிலதான் நிக்கிறியள்" எண்டு. நான் போனை வைச்சிட்டன். சிக்னல் போட்டுது எண்டு கொம்மாவுக்குச் சொன்னன். சிக்னல் இருந்தது.

அண்டிரவு படுத்திருந்து யோசிச்சன். சண்டை நேரம், சாமான் வரவிடாத பொருளாதாரத் தடைக்காலத்தில எனக்கு இருபத்திநாலு வயசு. பெற்றோலைக் கண்ணுக்கு விடுற மருந்துப் போத்தலுக்குள்ள வைச்சிருப்பம். ரெண்டு துளி காபரேற்றருக்குள்ள விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில ஓடுவம். புகையெண்டால் அப்பிடிப் புகை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு நான் பெடலைச் சுத்த, டைனமோவில றேடியோ பாடும். சுத்துறதை நிப்பாட்டினால் செய்தி வாசிக்கிறவருக்கு மூச்சு நிண்டிடும். பற்றரி இல்லை, கறண்ட் இல்லை, சவுக்காரம் இல்லை. ஆனால் ஆரும் கொண்டுவந்து தருவினம் எண்டு ஒருத்தரும் படலையைப் பாத்துக்கொண்டு இருக்கேல்லை.

2009இல சண்டை முடிஞ்சு அந்த முகாமுக்குப் போன பிறகுதான் நான் படலையைப் பாக்கப் பழகினது. தண்ணிக்கு வரிசை, பருப்புக்கு வரிசை, மாவுக்கு வரிசை. குடும்ப அட்டையைப் பொலித்தீனில சுத்திச் சட்டைப் பையுக்குள்ள வைச்சுக்கொண்டு படுப்பன். ஊருக்கு வந்தும் அது விடேல்லை. தறப்பாள், தகரம், பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில அஞ்சரை லட்சம். எல்லாம் தேவைதான், குறை சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் எந்த லிஸ்ற்றில பேர் வந்திருக்கு எண்டு பாக்கப்போறதே என்ர தொழிலாப் போச்சு. கிணத்துக் கப்பி உடைஞ்சு கிடந்ததை ஆரோ திருத்தித் தருவினம் எண்டு எட்டு மாதம் விட்டிருந்தனான். அந்தக் கப்பியை 1996இல எண்டால் நான் அரைமணித்தியாலத்தில செய்திருப்பன்.

கொம்மா அப்பிடி இல்லை. வந்த ரெண்டாம் வருசமே பள்ளிக்கூட வாசலில கச்சான் வறுத்து விக்கப் போனவ. "எங்கட பரம்பரையில ஆர் சுளகோட றோட்டில இருந்தது?" எண்டு கேட்டன். ரெண்டு கிழமையில விட்டிட்டா. சுளகை முகட்டில செருகினவ, இண்டைக்கும் அதிலதான் கிடக்கு. பிறகு வீட்டுக்குக் கதவு நிலை போட, காசு காணாமல், பெண்டுகள் குழுவில சேந்து கடன் எடுத்தவ. ஒராள் கட்டாட்டி மற்ற ஆக்கள் கட்டவேணும். அதனால அவ ஒருக்கிழமையும் தவறவிடேல்லை. தாலிக்கொடி போனதும் அதுக்குத்தான். 2018இல அரசாங்கம் கடன் தள்ளுபடி எண்டு அறிவிச்சது கட்டாமல் நிண்ட ஆக்களுக்கு. ஒழுங்காக் கட்டினவவுக்கு ஒண்டும் இல்லை.

இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாதது ஒண்டு இருக்கு. இல்லாட்டி உனக்கும் தெரிஞ்சு, நீ கேளாமல் விட்டியோ தெரியாது.

அந்தக் கடன் கட்டின காலத்தில, புதன்கிழமை பத்துமணிக்குக் காசு சேக்கிற பெடியன் வருவான். ஒழுங்கையில மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்ட உடனே நான் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால போயிடுவன். ஹெல்மெற்றை விறாந்தைக் கட்டில வைக்கிற சத்தம் கேக்கும். கொம்மா காசு எண்ணுறது கேக்கும். தாளெண்டால் கேளாது, குற்றி எண்டபடியால் கேக்கும். நான் செவலையின்ர தாய் கத்தாமல் மூக்கணாங்கயிற்றைப் பிடிச்சுக்கொண்டு நிப்பன். பள்ளிக்கூட லீவு நாளில நீதான் அவனுக்குச் செம்பில தண்ணி கொண்டுபோய்க் குடுப்பாய். "அப்பா எங்கை?" எண்டு கேப்பான். "வயலுக்குப் போட்டார்" எண்டு சொல்லுவாய். அப்பிடிச் சொல்லு எண்டு விடியவே நான் உனக்குச் சொல்லித் தந்துவிட்டிருப்பன். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு.

ஒருநாள் மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு வெளிய வந்திட்டுது, நானும் பின்னால வந்திட்டன். அவன் என்னைக் கண்டான். கண்டும் காணாத மாதிரிக் கொப்பியைப் பாத்து எழுதினான். அவனும் ஒரு தகப்பன்ர பிள்ளைதானே.

கடன் எடுக்காத எண்டு நான் திருப்பித் திருப்பிச் சொல்லுறதுக்குக் கடன் மட்டும் காரணம் இல்லை.

கச்சானுக்கு வாறன். இந்தமுறையும் லொறிக்காரன் தோட்டத்துக்கே வந்து ஈரத்தோட விலை பேசினவன். எல்லாத்தையும் குடுக்கேல்லை. ரெண்டு மூட்டை மறிச்சு முத்தத்தில காயப்போட்டன். பின்னேரத்தில அள்ளி, விடிய விரிச்சு, ஒரு கிழமை. இப்ப கோதைக் குலுக்கினால் உள்ளுக்குக் கிலுகிலு எண்டுது. ஈரம் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும், கசக்கும், அந்தக் கொட்டை ஈரலுக்குக் கூடாது. அதால பழுதை ஒவ்வொண்டாப் பொறுக்கி எறிஞ்சன். உன்ர மெசின் காரருக்கும் இதைச் சொல்லு. காயாத கச்சானை எந்த மெசினும் நல்லாக்காது.

ஆத்து மணல் போட்டு மூண்டு கிலோ வறுத்திருக்கு. உப்பு எவ்வளவு எண்டு நீ சொல்லாதபடியால் போடேல்லை. பையின்ர அடியில கறுப்பாக் கிடக்கிறது நான் வறுத்தது, மேல கிடக்கிறது கொம்மா. சனி விடிய பஸ் வெள்ளவத்தைக்கு வரும். கொண்டக்டர் பெடியனுக்கு நான் காசு குடுத்திட்டன், நீ குடுக்காத.

நேரத்துக்குச் சாப்பிடு. மெசின் என்ன விலை எண்டு கொம்மாவிட்டையாவது சொல்லிவிடு. மிச்ச மூட்டையை அதுமட்டும் குடுக்காமல் வைச்சிருக்கிறன்.

இப்படிக்கு,
அப்பா