அஞ்சு கொடம் தண்ணி

அம்மா,

இயேசுவுக்கே புகழ். நான் நல்லாருக்கேன், நீ பயப்படாத. போன் பண்ணா சாப்டியா தூங்குனியான்னு கேக்கறதுலயே நேரம் போய்டுது, அதான் எழுதுறேன். டொரண்டோல இப்போ டிசம்பர், சாயந்திரம் அஞ்சுக்கு முன்னாடியே இருட்டிடுது, நான் இருக்கறது பேஸ்மெண்ட் வேற.

ஞாயித்துக்கெழம ஷிப்ட் போட்டுட்டாங்க, மூணு வாரமா பூசைக்குப் போகலம்மா. ரொம்ப அழுதேன். ராயபுரத்துல ராயப்பர் கோயில் மணி அடிச்சா கால் தானா கெளம்பும், இங்க யாரு கூப்புடுறா.

அன்னிக்கு ராத்திரி பாத்திரம் தேச்சிகினு இருந்தேன், டக்குனு நம்ம தெரு அடிபம்பு ஞாபகம் வந்துடுச்சு. விடியக்காலைல நைட்டி மேல துண்ட போட்டுகினு தண்ணி அடிப்பியே, வாய் முணுமுணுன்னே இருக்கும், லைன்ல கொடத்த தள்ளி வெச்சவங்கள திட்றன்னுதான் சின்ன வயசுல நெனச்சேன், கிட்ட வந்து கேட்டா அருள் நிறைந்த மரியே. கொடத்துக்கு ஜெபமாலைல பத்து மணி, அஞ்சு கொடம் ரொம்புனா ஒரு முழு ஜெபமாலை. எனக்கு இங்க கொடமும் இல்ல லைனும் இல்ல, கொழாய தொறந்தா சுடுதண்ணி, அதனால தட்டுக்கு ஒண்ணு சொல்றேன், ஸ்பூனையும் விடறதில்ல.

பாத்ரூம்தான் கஷ்டம். மூணு பொண்ணுங்களுக்கு ஒண்ணு, சனிக்கெழம என் முறை. அடுத்தவ முடிய அள்ளும்போது அவ்ளோ கோவம் வரும். அப்பதான் பெரிய வியாழன் நெனப்பு வந்துச்சு, சீடருங்க பன்னெண்டு பேரு கால இயேசு கழுவுனாரே, அதுல அவர காட்டிக்குடுத்த யூதாஸ் காலும் இருந்துச்சில்ல. அருவருப்பு இன்னும் போகலம்மா, கோவம் போய்டுச்சு. அந்தப் பொண்ணுக்கு முடி கொத்து கொத்தா கொட்டுது, பாவம், அள்ளும்போது அவளுக்காக ஒண்ணு சொல்றேன்.

இங்க சாமியார் ஒரு தடவ பிரசங்கத்துல லாரன்ஸ்னு ஒரு பிரதர் பத்தி சொன்னாரு. பாரிஸ்ல கார்மேல் மடத்து சமையக்கட்டுல வருஷக்கணக்கா வேலை பாத்தவரு, 1691ல எறந்தாரு. அந்த வேலையே அவருக்குப் புடிக்காதாம், ஆனா நாலு பேரு ஒரே நேரத்துல அத குடு இத குடுன்னு கத்துற எடத்துலயும் நற்கருணை முன்னாடி முட்டி போட்ட மாதிரி ஆண்டவரோட இருப்பாராம். கேக்கும்போது எனக்கு உன் பம்பு சத்தம்தான் காதுல.

பைபிள்ல யோவான் 21 எடுத்துப் படிம்மா. சாவ ஜெயிச்சு வந்தவரு கரையில கரி நெருப்பு போட்டு மீன் சுட்டு வெச்சிருக்காரு, ராத்திரியெல்லாம் வல போட்டு வெறுங்கையா நின்னவங்களுக்கு. ராயப்பர், அதான் பேதுரு, பாத்ததும் கடல்ல குதிச்சிட்டாரு. காசிமேட்டுல வளந்தும் அந்த அடுப்ப நான் இத்தன வருஷம் கவனிக்கவே இல்ல.

முட்டி வலி எப்டி இருக்கு? தம்பிய தண்ணி அடிக்கச் சொல்லு. நாலு கொடம் அவன் அடிக்கட்டும், அஞ்சாவது மட்டும் எனக்காக நீ அடி.

உன் பொண்ணு