ஒத்திகைக்கு ஒரு இடம் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல நவீன நடனக் கலைஞர்களைப் பத்தி வந்த கட்டுரை படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா மேடையையும் வெளிநாட்டு டூரையும் எழுதினவங்க அதுக்கு முன்னாடி சம்பளமே இல்லாம போற ஒத்திகை மாசங்களைப் பத்தி ஒரு வரி எழுதலை. ஷோவுக்குத்தான் காசு, டான்ஸை உருவாக்குற நாளுக்கு யாரும் தர்றதில்ல. நடனக் கலைஞர் சந்திரலேகா 1985ல 'அங்கிகா'ங்கிற நடனத்தைப் பண்ணப்போ பரதத்தோட களரிச் சண்டைக் கலையையும் யோகாவையும் சேர்த்தாங்க, அந்த மாதிரி வேலை நாலு நாள்ல வந்துடாது, அவங்களுக்கு பெசன்ட் நகர் கடற்கரை ஓரமா சொந்த இடம் இருந்துச்சு, எல்லாருக்கும் அது அமையுமா?

எங்க அக்கா மக சென்னையில டான்ஸ் படிச்சுட்டு பாம்பனுக்கே திரும்பி வந்து, கடல்ல முங்கிப் பாசி எடுக்கப் போற பொம்பளைங்களை மனசுல வச்சு ஒரு நடனம் பண்ணிட்டு இருக்கா. விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு மூச்சை அடக்கி முங்குறது, மேல வந்ததும் வாயைத் தொறந்து மூச்சை இழுக்குறது, இதையே திரும்பத் திரும்ப பழகுறா, அதுவும் எங்க, வலை காயப்போடுற மணல்ல, கச்சான் காத்து அடிச்சா அன்னைக்கு பிராக்டிஸ் கிடையாது. மண்டப வாடகை கட்டுப்படியாகாது. எங்க பக்கம் இருக்குற புயல் பாதுகாப்பு மையம் வருஷத்துல முக்கால்வாசி நாள் பூட்டித்தான் கிடக்கு, மழைக்காலம் போக மத்த மாசங்கள்ல சாயங்காலம் ரெண்டு மணி நேரம் இவளை மாதிரி டான்ஸ் பழகுற பிள்ளைங்களுக்குத் திறந்து விடச் சொல்லி மாவட்ட நிர்வாகத்துக்கு நீங்களும் எழுதணும்.

– ஒரு வாசகி, தங்கச்சிமடம்