தெரேசே கீசேயைப் பற்றியும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மன் நடிகைகள் என்றால் மார்லீன் டீட்ரிச்சோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தெரேசே கீசேயைப் பற்றியும் எழுதுங்கள். 1898இல் மியூனிக்கில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1933 ஜனவரியில், ஹிட்லர் பதவிக்கு வந்த அதே மாதம், எழுத்தாளர் எரிகா மானோடு சேர்ந்து நாஜிகளைக் கிண்டலடிக்கும் மேடை நிகழ்ச்சியைத் தொடங்கினார். என்ன துணிச்சல்! மார்ச்சிலேயே நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அப்புறம் சுவிட்சர்லாந்தின் சூரிச். ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் 'மதர் கரேஜ்' நாடகம் 1941இல் அங்கே முதன்முதலாக அரங்கேறியபோது அந்தத் தாயாக நடித்தவர் இவர்தான். போருக்குப் பின் மியூனிக் மேடைக்கே திரும்பினார்.

1974இல் வந்த 'லாகோம்ப் லூசியன்' என்ற பிரெஞ்சுப் படத்தில் யூதப் பாட்டியாக வருகிறார். வசனம் மிகக் குறைவு. பார்வையிலேயே அத்தனையும் சொல்லிவிடுகிறார். 1975இல் மறைந்த இவரைப் பற்றி, உங்கள் சினிமா பக்கத்தில் ஒரு முழுக் கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகி, திருச்சி