வரிசை எங்கே ஆரம்பிக்கிறது?

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். நாலு வரி எழுதியதுமே சண்டைக்குப் போகிறாற்போல இருந்தது, கிழித்துப் போட்டுவிட்டேன். இப்போது கோபமெல்லாம் இல்லை. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அவருக்கு முதுகுவலி தேவலை. பெரியவனுக்கு ஏப்ரலில் இருபது முடிகிறது. அடுத்த வருட ஏப்ரலைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.

"அமெரிக்காவில் விசாவில் இருக்கிறவளுக்கு, குடியேறிகளுக்காகக் கூட்டம் சேர்க்கும் இந்த வேலை எதற்கு? நாம் முறையாக வந்தவர்கள். குடியேற்றப் பேப்பர் இல்லாதவர்களோடு நம்மையும் சேர்த்துப் பேசினால் நம் காரியமும் கெட்டுவிடும்" என்று எழுதியிருந்தாய். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பிறந்தநாள் விழாவில் நானே இதைச் சொல்லியிருக்கிறேன், கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில். தட்டும் கையுமாக நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அதனால் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

எப்படி மாறினாய் என்று கேட்டால், பெரிய கதை ஒன்றும் கிடையாது. சனிக்கிழமைகளில் இங்கே நூலகத்தில் இங்கிலீஷ் பேசிப் பழகும் வகுப்பு நடக்கிறது. வேலை விசாக்காரரின் மனைவிக்குக் கொடுக்கும் ஹெச்4 விசாவில் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்த காலத்தில் அங்கே சொல்லிக்கொடுக்கப் போக ஆரம்பித்தேன். வகுப்புக்கு வரும் எக்வடோர்க்காரப் பெண் ஒருத்தி, "வியாழக்கிழமை சர்ச்சில் கூட்டம் இருக்கிறது, என் குழந்தையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வீர்களா?" என்று கேட்டாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போனவள்தான் நான்.

சர்ச்சின் பேஸ்மென்டில் மடக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். முப்பது பேர் இருக்கும். வாசலிலேயே ஒரு ஹெட்செட்டைக் கையில் கொடுத்தார்கள். ஸ்பானிஷில் பேசுவதை, மூலையில் ஒரு பையன் உட்கார்ந்து மைக்கில் முணுமுணுவென்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வருவான். மடியில் குழந்தை தூங்கிவிட்டது. நான் கோட்டைக்கூடக் கழற்றாமல் கதவோரமாக உட்கார்ந்திருந்தேன், ஏதாவது என்றால் ஓடிவிடலாம் என்று. முதலில் எல்லோரும் பெயரையும், இந்த நாட்டுக்கு வந்து எத்தனை வருடம் என்பதையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு, ஒன்பது, இருபத்திரண்டு என்று வந்துகொண்டிருந்தது. கூரை வேலை செய்யும் ஒருவர் பதினேழு என்றார். என் முறை வந்ததும், "பதினைந்து வருடம். கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம்" என்றேன்.

மைக் பையன் அதை ஸ்பானிஷில் சொன்னான். கூரைக்காரர் கையைத் தூக்கினார். "அந்த வரிசை எங்கே ஆரம்பிக்கிறது என்று அம்மணி சொல்ல முடியுமா? நானும் போய் நிற்கிறேன்."

குத்திக்காட்டவில்லை, மீனா. பஸ் ஸ்டாப் எங்கே இருக்கிறது என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. "முறையாக வரிசையில் வந்திருக்கலாமே" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! வரிசையின் வால் எங்கே இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

கூட்டத்துக்கு வந்திருந்த வக்கீல்தான் விளக்கினார். கூரைக்காரருக்கு மூன்று பிள்ளைகள், மூவரும் இங்கே பிறந்த குடிமக்கள். மூத்தவளுக்கு 21 ஆனால் அப்பாவுக்காக மனுப் போடலாம். ஆனால் எல்லையில் பரிசோதனை இல்லாமல் நுழைந்தவர் என்பதால், வெளிநாட்டில் இருக்கும் தூதரகத்துக்குப் போய்த்தான் விசா வாங்க வேண்டும். 1996-இல் வந்த சட்டப்படி, ஒரு வருடத்துக்கு மேல் பேப்பர் இல்லாமல் இருந்தவர் வெளியே காலை வைத்த நிமிடத்தில் பத்து வருடத் தடை. விலக்கு கேட்கலாம்தான். அதற்கு மனைவியோ பெற்றோரோ குடிமக்களாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவர்களாகவோ இருக்க வேண்டும். பிள்ளைகள் கணக்கில் வர மாட்டார்கள். போனால்தான் கிடைக்கும், போனால் திரும்ப முடியாது. அவரை எந்த வரிசையில் போய் நிற்கச் சொல்கிறாய்?

பழைய சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு தேதிக்கு முன்னால் இங்கே வந்து, தொடர்ந்து இங்கேயே வாழ்ந்து, நல்ல நடத்தையும் இருந்தால், பேப்பர் இல்லாதவரும் கிரீன் கார்டு கேட்கலாம். 1929-இல் வந்தது. இந்த நாட்டுப் பாராளுமன்றமான காங்கிரஸ் அவ்வப்போது அந்தத் தேதியை நகர்த்திக்கொண்டே வந்தது. கடைசியாக நகர்த்தியது 1986-இல். அப்போது வைத்த தேதி 1972 ஜனவரி 1. இன்றைக்கும் அதேதான். 1986-இல் நாம் இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பில் சிலேட்டைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அதற்கப்புறம் அந்தத் தேதி அசையவே இல்லை. அந்தத் தேதியை நகர்த்து என்பது பேஸ்மென்ட்காரர்களின் கோரிக்கைகளில் ஒன்று. எந்தத் தேதிக்காரர்களின் முறை வந்திருக்கிறது என்று அரசாங்கம் வெளியிடும் விசா புல்லட்டினை மாதாமாதம் திறந்து, தேதி நகர்ந்ததா என்று பார்த்துப் பெருமூச்சு விடும் நமக்கு இது புரியாமல் போகுமா என்ன!

நம் கணக்கு உனக்கே தெரியும். வேலைவழி கிரீன் கார்டு வருடத்துக்கு 1,40,000. மனைவி, பிள்ளைகளும் அதற்குள்தான். ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. இந்தியாவுக்கும் ஐஸ்லாந்துக்கும் ஒரே உச்சவரம்பு. வரிசையில் இடம் பிடித்த 2015 தேதியை வைத்துக்கொண்டு நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

நம் காரியம் கெட்டுவிடும் என்கிறாயே, அதற்கும் வருகிறேன். 2013 ஜூனில் காங்கிரஸின் மேலவையான செனட்டில் 68-32 என்று ஒரு மசோதா நிறைவேறியது, ஞாபகம் இருக்கிறதா? பேப்பர் இல்லாதவர்களுக்குக் குடியுரிமைக்கு ஒரு வழி அதில் இருந்தது. வேலைவழி கிரீன் கார்டுக்கு நாட்டு வரம்பை எடுத்துவிடும் விதியும் அதே மசோதாவில்தான் இருந்தது. இரண்டும் சேர்ந்தே செனட்டைத் தாண்டின. கீழவையில் அதை ஓட்டெடுப்புக்கே கொண்டுவரவில்லை. சரி, நாம் தனியாகப் போனால் நடக்கும் என்றார்கள். 2019 ஜூலையில் நாட்டு வரம்பை மட்டும் எடுக்கும் மசோதா கீழவையில் 365-65 என்று ஜெயித்தது. அன்று இரவு நீயும் நானும் போனில் சிரித்த சிரிப்பு! 2020 டிசம்பரில் செனட் வேறொரு வடிவத்தை நிறைவேற்றியது. இரண்டையும் ஒன்றாக்குவதற்குள் அந்தக் காங்கிரஸின் காலமே முடிந்துவிட்டது. சேர்ந்து போனதும் நடக்கவில்லை, தனியாகப் போனதும் நடக்கவில்லை. ஆகவே அவர்களால்தான் நமக்குக் கெட்டது என்பதை நான் இப்போது நம்புவதில்லை.

வேலை என்று பார்த்தால் சாதாரண வேலைதான். முப்பது பெயர் உள்ள தாளைக் கொடுப்பார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கூட்டத்துக்கு வருகிறீர்களா, கார் வேண்டுமா, குழந்தை இருக்கிறதா என்று கேட்டு டிக் அடிக்க வேண்டும். முப்பதில் பத்துப் பேர் வருகிறேன் என்பார்கள், ஆறு பேர் வருவார்கள். காங்கிரஸ் பிரதிநிதியின் அலுவலகத்துக்குப் போன் செய்வதும் அப்படித்தான். முதல் தடவை எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. போனை எடுத்த பெண் கேட்டது பெயரும் ஜிப் கோடும் மட்டும்தான். ஓட்டுப் போட முடியாது, தேர்தலுக்கு நன்கொடை கொடுக்கவும் நமக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் போன் செய்யலாம். பதினைந்து வருடம் இது தெரியாமல் இருந்திருக்கிறேன்.

குடியேற்ற இலாகா ஆபீசர் கதவைத் தட்டினால் என்ன செய்வது என்று ஒத்திகை வைப்பார்கள். சட்ட உரிமைகள் அச்சடித்த சிவப்பு அட்டையை எல்லோர் கையிலும் கொடுத்து, கதவைத் திறக்காமல் தாளை ஜன்னலில் காட்டச் சொல்லுங்கள், நீதிபதி கையெழுத்து இருக்கிறதா, வெறும் இலாகா படிவமா என்று பாருங்கள் என்று பழக்குகிறார்கள். தட்டுகிற ஆபீசர் வேஷம் எனக்கு! எவ்வளவு அதட்டியும் யாரும் பயப்படவில்லை. ஒரு பாட்டி கதவுக்குப் பின்னாலிருந்து, "கொஞ்சம் சத்தமாகத் தட்டு, நிஜத்தில் இப்படித் தட்ட மாட்டார்கள்" என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. லத்தீன் அமெரிக்க நாடுகளில் 'நோட்டாரியோ' என்றால் சட்டம் படித்த பெரிய ஆள். இங்கே நோட்டரி என்றால் கையெழுத்துக்கு முத்திரை குத்துகிறவர், அவ்வளவுதான். இந்தப் பெயர்க் குழப்பத்தை வைத்தே பலகை மாட்டிக் காசு பிடுங்குகிறார்கள். என்னைக் கூட்டத்துக்கு அழைத்துவந்த அந்த எக்வடோர்ப் பெண்ணே ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து காட்டினாள். நான்கு வருடத்து ரசீதுகள், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, மாதம் மாதமாக. அவளுக்காக ஒரு மனுகூடப் போட்டிருக்கவில்லை.

ஜெயித்ததும் உண்டு. நியூஜெர்சியில் பேப்பர் இல்லாதவர்களும் டிரைவிங் லைசென்ஸ் வாங்கலாம் என்ற சட்டம் 2019 டிசம்பரில் கையெழுத்தாகி, 2021 மே 1-இல் நடைமுறைக்கு வந்தது. எத்தனையோ வருடம் மாநிலத் தலைநகர் டிரென்டனுக்குப் போய் வந்து வாங்கியது. நான் வருவதற்கு முன்னால் நடந்தது, பெருமை என்னுடையது அல்ல. கூரைக்காரர் அதைப் பர்ஸில் வைப்பதில்லை, அழுக்காகிவிடுமாம். பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.

போன மாதம் எங்கள் ஊர் கவுன்சிலில், குடியேற்றச் சீர்திருத்தம் வேண்டும் என்று காங்கிரஸைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானம் வந்தது. சட்டப்படி அதற்கு எந்தப் பலமும் கிடையாது, ஆனாலும் கேட்டோம். பேச ஆளுக்கு மூன்று நிமிடம். பெயரும் முகவரியும் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் முதல் நாள் ராத்திரி, "பதிவாகுமே, வேண்டாமே" என்றார். வக்கீலைக் கேட்டேன். "பேச உங்களுக்கு உரிமை உண்டு. யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள் என்று என்னால் எழுதித்தர முடியாது" என்றார். நேர்மையான மனிதர். எனக்குப் பயம் இல்லை என்று நினைக்காதே. ஊர்வலத்துக்கு இன்றுவரை நான் போனதில்லை. ஆனால் அன்று பேசினேன். பெயரைச் சொல்லும்போது குரல் உடைந்தது, முகவரிக்கு வந்ததும் சரியாகிவிட்டது.

என் மகனைப் பற்றித்தான் பேசினேன். நாலு வயதில் வந்தவன். 21 ஆனால் எங்கள் மனுவிலிருந்து கழன்றுவிடுவான்; மாணவர் விசாவுக்கு மாற வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். சிறு வயதில் வந்த, பேப்பர் இல்லாத பிள்ளைகளை நாடு கடத்தாமல் காக்க 2012-இல் ஒபாமா கொண்டுவந்த டாகா பாதுகாப்பும் இவனைப் போன்றவர்களுக்குக் கிடையாது, ஏனென்றால் அதற்கு, மற்ற நிபந்தனைகளோடு, அந்த வருட ஜூன் 15 அன்று சட்டபூர்வமான விசா இல்லாமல் இருந்திருக்க வேண்டும். ஒழுங்காக விசாவைப் புதுப்பித்துக்கொண்டே வந்ததுதான் தகுதிக்குறைவு! இதைச் சொன்னதும் கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள், பாவம், வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு அடுத்து கூரைக்காரரின் மகள் பேசினாள்.

தீர்மானத்தை ஒத்திவைத்துவிட்டார்கள். மேடையில் நம் நாட்டு முகம் ஒன்று இருந்தது. ஒத்திவைக்கலாம் என்று முன்மொழிந்ததே அவர்தான். காரில் வரும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டு வந்தேன். அப்புறம் தலீப் சிங் சவுந்த் ஞாபகம் வந்தது. பெர்க்லியில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டுக் கலிஃபோர்னியாவில் விவசாயம் பார்த்தவர். 1923-இல் உச்ச நீதிமன்றம் இந்தியர்கள் குடிமக்களாக முடியாது என்று சொல்லிவிட்டது. அந்த மாநிலத்துச் சட்டப்படி நிலமும் சொந்தப் பெயரில் வாங்க முடியாது. அவரைப் போன்றவர்கள் ஊர் ஊராக ஆள் சேர்த்து, 1946-இல் சட்டத்தை மாற்ற வைத்தார்கள். வருடத்துக்கு 100 இந்தியர்கள் வரலாம், இருப்பவர்கள் குடிமக்களாகலாம். வெறும் நூறு! 1956-இல் அவரே காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தக் காலத்திலும் ஒத்திவைக்கச் சொன்ன நம்மாட்கள் இருந்திருப்பார்கள்.

டாலஸில் நீ எதிலும் சேர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் இதை மட்டும் உடனே செய். உன் பெண்ணுக்கு 21 ஆகிவிட்டதா என்று கணக்குப் பார்க்கும்போது, நமக்காகக் கம்பெனி போட்ட ஐ-140 மனு எத்தனை நாள் பரிசீலனையில் இருந்ததோ அத்தனை நாளை வயதில் கழிப்பார்கள். சீக்கிரம் வரட்டும் என்று கூடுதல் பணம் கட்டிப் பிரீமியத்தில் வாங்கினோமே, அது நம் தலையிலேயே விழுந்திருக்கிறது. எங்களுக்குக் கழிவது பதினோரு நாள். உங்களுடையது சாதாரண வழியில் போனது என்று அண்ணா சொன்னதாக ஞாபகம். அப்படியானால் பல மாதம் கழியும். ரசீது தேதியையும் ஒப்புதல் தேதியையும் எடுத்துப் பார்த்து எனக்கு எழுது. இந்த வியாழக்கிழமை வக்கீல் வருகிறார், உனக்கும் சேர்த்துக் கேட்டு வைக்கிறேன். நாற்காலி போட ஆறு மணிக்கே போக வேண்டும், இத்துடன் நிறுத்துகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி