காய்ச்சலுக்கு என்னைச் சாட்சிக்கு இழுக்காதே

அன்புள்ள குமார்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். கடைசிப் பத்தியைப் படித்ததும்தான் பகீரென்றது. காய்ச்சல் 101 இருந்தும் மாத்திரை போட்டுக்கொண்டு நீண்ட ஓட்டத்தை முடித்தாயாம். போதாததற்கு, ‘ஆஸ்துமாவை வைத்துக்கொண்டு நீயே ஓடும்போது எனக்கென்ன’ என்று என்னை வேறு சாட்சிக்கு இழுக்கிறாய். என்னை விட்டுவிடப்பா!

என் ஆஸ்துமா பல வருடமாக என்னோடு குடியிருக்கிறது; அதன் குணம் எனக்கு அத்துபடி. ஓடும்போது பெரிதாகத் தொல்லை தராது. ஓடி நின்ற ஐந்து பத்து நிமிடத்தில்தான் நெஞ்சைப் பிடிக்கும், மூச்சை விடும்போது மெல்லிய விசில் கேட்கும். வேகமாக மூச்சு வாங்குகையில் மூச்சுக்குழாயின் ஈரம் வற்றி, அது சுருங்கிவிடுவதால் வரும் வினை. அதனால் கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பே இன்ஹேலரைக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, மருந்தை நிதானமாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கி வைப்பேன். அப்புறம் நடை, மெல்லோட்டம், நடுநடுவே சின்னச் சின்ன வேக ஓட்டங்கள். அதன் பிறகுதான் அசல் ஓட்டம். பிரிட்டன் ஓட்டக்காரி பவுலா ராட்கிளிஃப்புக்கும் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமாதான். 2003இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி பெண்களுக்கான உலக சாதனை படைத்தார். ஆனால் இதெல்லாம் நோய் கட்டுக்குள் இருக்கும்போதுதான். காலையிலேயே இழுப்பு இருந்தால் நான் ஷூவைத் தொடுவதில்லை.

உன் கதை வேறு. மாத்திரை சூட்டைத்தான் இறக்கும். கிருமி அங்கேயேதான் இருக்கும். காய்ச்சலில் இதயம் ஏற்கெனவே வேகமாகத் துடிக்கும், உடம்பில் நீரும் குறைந்திருக்கும். சில வைரஸ்கள் இதயத் தசையையே வீங்க வைத்துவிடும். அந்த நேரத்தில் கடுமையாக ஓடினால் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். அரிதுதான், ஆனால் வந்துவிட்டால் மாதக்கணக்கில் ஓட விடமாட்டார்கள். நீ போட்டது ஐபுப்ரோஃபென் என்றால், நீர் வற்றிய நேரத்தில் சிறுநீரகத்துக்கும் கெடுதல்.

ஓட்டக்காரர்கள் கழுத்தை எல்லையாக வைத்துச் சொல்வார்களே, அது எனக்குப் பிடிக்கும். மூக்கொழுகல், தும்மல், லேசான தொண்டைக் கரகரப்பு என்றால் மெதுவாக ஓடிப் பார்க்கலாம். நெஞ்சுச் சளி, உடம்புவலி, வயிற்றுப்போக்கு என்று கழுத்துக்குக் கீழே இறங்கினால் ஓய்வு. காய்ச்சல் என்றால் பேச்சே இல்லை. படுக்கையை விட்டு எழுமுன் மணிக்கட்டில் விரலை வைத்து நாடியையும் எண்ணிப் பார். வழக்கத்தைவிடப் பத்துப் பதினைந்து கூடுதலாக இருந்தால் உடம்பு இன்னும் தேறவில்லை என்று வைத்துக்கொள்.

ஒரு வாரம் விட்டால் பயிற்சி வீணாகிவிடும் என்று புலம்பியிருக்கிறாய். பத்து நாள் சும்மா இருந்தால் பெரிதாக எதுவும் குறையாது. மாத்திரை இல்லாமலே சூடு விட்டு, நன்றாகப் பசிக்க ஆரம்பித்த பிறகு முதலில் நடந்து பார். அடுத்து பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். வேகப் பயிற்சியெல்லாம் கடைசியில்.

இங்கே வீட்டுக்காரியும் ஓடுகிறாள். சும்மா சும்மா களைப்பு என்றாள்; ஹீமோகுளோபின் சரியாகத்தான் இருந்தது, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின்தான் அடிமட்டம். இப்போது இரும்பு மாத்திரை, அதோடு டீ குடிக்கத் தடை. அதற்குத்தான் என் மேல் கோபம்!

நெஞ்சு வலியோ படபடப்போ தலைசுற்றலோ இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போய் ஈசிஜி எடுத்துவிடு. என்ன சொன்னார் என்று அன்றைக்கே போன் செய்.

அன்புடன்,
ரவி